காதுக்கும் பர்ஸுக்கும் சேதாரமில்லாத ஹெட்போன்! மெட்டல் இசைக்கும் கேமுக்கும் எதை வாங்கலாம்?

"என்னடா, மறுபடியும் ஹெட்போனா? போன தீபாவளிக்குத்தானே வாங்குன?"

"அதுல மைக் போயிடுச்சுப்பா."

"அதுக்கு முன்னாடி வாங்குனது?"

"அது கேமுக்கு ஓகே. பாட்டுக் கேட்டா ஒரே இரைச்சலா இருக்கு."

கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருக்கிற பல வீடுகளில் இந்த உரையாடலைக் கேட்கலாம். ரூ.1,200-க்கு ஒன்று, ரூ.1,500-க்கு ஒன்று, அவசரத்துக்கு ரூ.1,000-க்கு இன்னொன்று என்று வாங்கினால், இரண்டே வருடத்தில் ரூ.3,700 கரைந்துவிடும். அதே பணத்தை யோசித்து ஒரே தடவை செலவழித்திருந்தால் நான்கைந்து வருடங்கள் உழைக்கிற ஹெட்போனே கிடைத்திருக்கும். பணம்கூடப் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். இந்த விஷயத்தில் திரும்பி வராத ஒன்றும் இருக்கிறது. அது காது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில், ஹெவி மெட்டல் பாட்டையும் கேமையும் ஒரே ஹெட்போனில், குறைந்த விலையில் எப்படி அடக்குவது என்று பார்க்கலாம்.

மெட்டல் ஏன் கஷ்டமான பரீட்சை?

2007-ல் அயர்ன் மெய்டனும், 2011-ல் மெட்டாலிகாவும் பெங்களூருவுக்கு வந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து பஸ் பிடித்துப் போன ரசிகர்கள் உண்டு. அந்த இசையைப் பெரியவர்கள் 'ஒரே சத்தம்' என்பார்கள். ஹெட்போன் மோசமாக இருந்தால் அவர்கள் சொல்வது உண்மையாகவே ஆகிவிடும்.

காரணம் எளிது. மெல்லிசையில் ஒரு குரல், ஒரு புல்லாங்குழல், பின்னால் மெதுவாக ஒரு தாளம் என்று ஒலிகளுக்கு நடுவே இடம் இருக்கும். மெட்டலில் அந்த இடமே கிடையாது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் உறுமும். சாதாரண கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்கும். பல குழுக்கள் அதையும் இன்னும் தளர்த்திக் கீழே இறக்கி வாசிப்பார்கள். மேலே சிம்பல்களின் சலசலப்பு. நடுவே குரல். எல்லாம் ஒரே நேரத்தில், முழு வேகத்தில்.

இதில் இரட்டை பெடல் டிரம் வேறு. நிமிடத்துக்கு 200 தாளம் என்ற வேகத்தில், ஒவ்வொரு தாளத்துக்கும் நான்கு அடி என்றால் ஒரு நொடிக்கு 13 அடி விழுகிறது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 75 மில்லி செகண்ட்தான். ஹெட்போனின் பேஸ் கட்டுப்பாடில்லாமல் இழுத்து ஒலித்தால், முதல் அடி அடங்குவதற்குள் இரண்டாவது வந்துவிடும். 13 அடியும் சேர்ந்து ஒரே 'கும்ம்ம்' ஆகிவிடும்.

ஆகவே, பெட்டியில் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் மெட்டல் ரசிகர் சந்தோஷப்படக் கூடாது. இவருக்குத் தேவை பெரிய பேஸ் அல்ல, சட்டென்று வந்து சட்டென்று அடங்கும் பேஸ். கூடவே கிட்டாரும் குரலும் வாழ்கிற நடுப்பகுதி ஒலி பின்னால் போகாமல் இருக்க வேண்டும். மலிவு ஹெட்போன்கள் பலவற்றில் பேஸையும் உச்ச ஒலியையும் ஏற்றி, நடுவைப் பள்ளமாக்கி வைத்திருப்பார்கள். கடையில் ஒரு நிமிடம் கேட்டால் 'அடடா' என்றிருக்கும். வீட்டில் ஒரு மணி நேரம் கேட்டால் தலை வலிக்கும்.

கேமுக்கு வேண்டியதும் அதேதான்!

வாலரன்ட்டோ, பி.ஜி.எம்.ஐ-யோ, எதிரி எங்கிருந்து வருகிறார் என்பதைக் கண்ணுக்கு முன்னால் காதுதான் சொல்லும். காலடிச் சத்தம், துப்பாக்கியில் குண்டு மாற்றும் 'க்ளிக்', கதவு திறக்கும் ஓசை எல்லாம் மெல்லிய ஒலிகள். பேஸ் அதிகமாக இருந்தால் தூரத்து வெடிச்சத்தம் இவற்றை விழுங்கிவிடும். ஆக, மெட்டலுக்குக் கெடுதல் செய்கிற அதே குறைதான் கேமையும் கெடுக்கிறது. மெட்டலுக்கு நன்றாக இருக்கும் ஹெட்போன் பெரும்பாலும் கேமுக்கும் நன்றாகவே இருக்கும். இரண்டு ஹெட்போன் தேவையில்லை.

'7.1 சரவுண்ட்' என்ற விளம்பரத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? அநேகமாகத் தேவையில்லை. அப்படி விற்கப்படும் ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குள் காதுக்கு ஒன்றாக இரண்டே ஸ்பீக்கர்கள்தான். மீதியெல்லாம் மென்பொருள் செய்யும் ஜாலம்.

நமக்கு இருப்பதும் இரண்டு காதுகள்தானே! வலப்பக்கம் எழும் ஓசை இடக்காதுக்குச் சற்றுத் தாமதமாக, சற்றுக் குறைந்து போய்ச் சேரும். அந்தத் தாமதம் அதிகபட்சம் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு. அதை வைத்தே மூளை திசையைக் கண்டுபிடித்துவிடும். இந்தக் கணக்கைப் போட்டு, ஹெட்போனுக்கு ஏற்றபடி ஒலியைத் தயாரிக்கும் ஹெச்.ஆர்.டி.எஃப் என்ற வசதி வாலரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற கேம்களுக்குள்ளேயே இலவசமாக இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டு, ஹெட்செட்டின் 7.1-ஐயும் ஆன் செய்தால் ஒலி இரண்டு தடவை பிசையப்பட்டுத் திசையே குழம்பிவிடும். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ளூடூத்தா, வயரா?

பாட்டுக்கு மட்டும் என்றால் ப்ளூடூத் சௌகரியம். கேம் என்று வந்துவிட்டால் யோசிக்க வேண்டும்.

சாதாரண ப்ளூடூத்தில் ஒலி காதுக்கு வந்து சேர சுமார் 200 மில்லி செகண்ட் தாமதமாகலாம். திரையில் நொடிக்கு 60 காட்சிகள் ஓடுகின்றன என்றால், 12 காட்சிகள் கடந்த பிறகுதான் சத்தம் கேட்கும். எதிரி சுட்டு முடித்த பிறகு துப்பாக்கிச் சத்தம் வந்து என்ன பயன்? சினிமா பார்க்கும்போது ஆப்-களே இதைச் சரிக்கட்டிக்கொள்ளும். கேமில் அது முடியாது. 'கேமிங் மோடு' உள்ள ப்ளூடூத் ஹெட்போன்களில் தாமதம் கணிசமாகக் குறையும், ஆனால் முழுதாகப் போகாது.

இன்னொரு சங்கடத்தைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்போன்களில் மைக்கை ஆன் செய்தவுடன், கேட்கும் ஒலியின் தரம் போன்கால் அளவுக்கு இறங்கிவிடும். நண்பனோடு பேசிக்கொண்டே விளையாடினால், ஸ்டீரியோவும் போய் திசையும் போய்விடும். ஹெட்போன் ரிப்பேர் என்று நினைத்துச் சிலர் புதிது வாங்குவதும் இதனால்தான். எல்.இ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் முறை இதைச் சரிசெய்கிறது. ஆனால், போன் அல்லது கம்ப்யூட்டர், ஹெட்போன் இரண்டிலும் அது இருந்தால்தான் பலன்.

வயர் இல்லாமல்தான் வேண்டும் என்றால், கம்ப்யூட்டரில் செருகும் சிறிய 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு வருகிற ஹெட்செட்டைப் பாருங்கள். அதில் தாமதம் மிகக் குறைவு, ஆனால் விலை கூடும். பட்ஜெட் குறைவு என்றால் வயர்தான் ராஜா. தாமதம் இல்லை, சார்ஜ் போட வேண்டாம், பேட்டரி செத்துப்போய்த் தூக்கியெறியவும் வேண்டாம். பேட்டரிக்கும் சிப்புக்கும் போகிற காசு முழுவதும் ஒலிக்கே போகிறது.

போனில் 3.5 எம்.எம் துளை இல்லையா? யு.எஸ்.பி சி இணைப்பில் மாட்டும் சிறிய 'டாக்' சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. வாங்கும்போது 'டாக் உள்ளே இருக்கிறதா?' என்று கேட்டு வாங்குங்கள். வெறும் வயர் மாற்றி மட்டும் என்றால் பல போன்களில் வேலை செய்யாது.

பெட்டி சொல்லும் கணக்குகள்

*டிரைவர் அளவு:* 40 எம்.எம், 50 எம்.எம் என்று போட்டிருக்கும். பெரியது என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. 10 எம்.எம் டிரைவர் உள்ள நல்ல இயர்போன், 50 எம்.எம் மோசமான ஹெட்போனைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

*அதிர்வெண்:* மனிதக் காதுக்குக் கேட்பது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. வயது கூடக்கூட மேல் எல்லை இறங்கும். '40,000 ஹெர்ட்ஸ் வரை' என்பது வௌவாலுக்குத்தான் உபயோகம்.

*இம்பீடன்ஸ்:* ஓம் கணக்கில் வரும். 16 முதல் 50 ஓம் வரை உள்ளவற்றைப் போனும் லேப்டாப்பும் பெரும்பாலும் சமாளித்துவிடும். 250 ஓம் ஸ்டுடியோ ஹெட்போன் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று வாங்கினால், அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபயரும் வாங்க வேண்டிவரும்.

*ஆர்.ஜி.பி விளக்கு:* தலையில் மாட்டிய பிறகு நமக்கே தெரியாது. அந்தக் காசு ஒலிக்குப் போகட்டும்.

உங்களுக்கு எந்த வகை?

காதை முழுக்க மூடும் 'குளோஸ்டு பேக்' வகை, வெளிச்சத்தத்தைத் தடுக்கும். பேஸும் திடமாக இருக்கும். ஹாஸ்டல், பஸ், டி.வி ஓடும் ஹால் இவற்றுக்கு இதுதான் சரி. பின்பக்கம் திறந்திருக்கும் 'ஓபன் பேக்' வகையில் ஒலி விசாலமாக, திசை தெளிவாக இருக்கும். ஆனால், கேட்கிற மெட்டல் முழுவதும் பக்கத்தில் படுத்திருக்கும் தம்பிக்கும் கேட்கும். தனி அறை இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

மூன்றாவது, காதுக்குள் பொருந்தும் 'ஐ.இ.எம்' வகை இயர்போன். மேடையில் பாடகர்கள் மாட்டிக்கொள்கிறார்களே, அந்த ரகம். குறைந்த பட்ஜெட்டில் இன்று அதிகத் தெளிவு கிடைப்பது இதில்தான். ரூ.2,000-க்குள்ளேயே நல்லவை இருக்கின்றன. பல மாடல்களில் வயரைத் தனியாகக் கழற்றி மாற்றலாம் என்பது பெரிய லாபம். இயர்போன்களில் முதலில் சாவது வயர்தானே!

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ரெக்ஸின் குஷன் ஏப்ரல், மே மாதங்களில் காதைச் சுற்றி வியர்வைக் குளம் கட்டிவிடும். ஓரிரு வருடத்தில் தோலுரியும். துணிக் குஷன் கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கும். குஷனைத் தனியாக வாங்கி மாற்ற முடியுமா என்று முதலிலேயே பாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு மாட்டிப் பார்ப்பது அவசியம். கண்ணாடிக் காம்பு குஷனைத் தூக்கினால் அந்த இடுக்கு வழியாக பேஸ் ஒழுகிவிடும். பொட்டிலும் வலிக்கும்.

பட்ஜெட் எவ்வளவு?

*ரூ.2,000 வரை:* வயர் உள்ள ஐ.இ.எம். கே.இசட், மூன்டிராப் போன்ற நிறுவனங்களின் ஆரம்ப மாடல்கள் இந்த விலையில் வருகின்றன. மைக் உள்ளது, இல்லாதது என இரண்டு ரகமும் உண்டு. கேமில் பேச வேண்டுமென்றால் மைக் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இந்த விலையில் தலையில் மாட்டும் 'கேமிங்' ஹெட்செட்டுகளும் குவிந்து கிடக்கும். அவற்றில் பல, விளக்குக்கும் தோற்றத்துக்கும் செலவழித்தவை.

*ரூ.2,000 முதல் ரூ.5,000 வரை:* இங்கே இரண்டு வழி. மைக்கோடு ஒரே பொருளாக வேண்டும் என்றால், ஹைப்பர் எக்ஸ் கிளவுட் ஸ்டிங்கர் போன்ற சாதாரண ஸ்டீரியோ கேமிங் ஹெட்செட். பாட்டுக்குத்தான் முதலிடம் என்றால், ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ் போன்ற ஆரம்பநிலை ஸ்டுடியோ ஹெட்போன். இதில் மைக் கிடையாது, வயரும் 3 மீட்டர் நீளம். பஸ்ஸுக்கு ஆகாது, மேஜைக்கு நன்று. சட்டையில் குத்தும் சிறிய மைக் ஒன்றைத் தனியே வாங்கிக்கொள்ளலாம். மைக் கெட்டால் மைக்கை மட்டும் மாற்றலாம், ஹெட்போனை அல்ல.

*ரூ.5,000-க்கு மேல்:* டாங்கிளோடு வரும் வயர்லெஸ், நல்ல ஓபன் பேக் எல்லாம் இங்கே தொடங்கும். முதல் ஹெட்போனுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

விலை வாரத்துக்கு வாரம் மாறும். அவசரமில்லை என்றால் ஆன்லைன் தள்ளுபடி விற்பனைக்குக் காத்திருக்கலாம். ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, ஜி.எஸ்.டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரன்ட்டிக்கு அதுதான் ஆதாரம். பிரபல மாடல்களின் போலிகள் ஏராளம். பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலே சந்தேகப்படுங்கள். வயர்லெஸ் ஹெட்போன்களுக்கு பி.ஐ.எஸ் பதிவு எண் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்-பில் அந்த எண்ணைப் போட்டு உண்மையா என்று பார்த்துவிடலாம். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடையில் எப்படிச் சோதிப்பது?

கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்காதீர்கள். அது அந்த ஹெட்போனுக்காகவே பொறுக்கியெடுத்த பாட்டாக இருக்கும். நூறு முறை கேட்ட பாட்டை உங்கள் போனிலேயே கொண்டுபோங்கள்.

மெட்டல் ரசிகர்களுக்கு ஒரு நல்ல பரீட்சை, மெட்டாலிகாவின் 'ஒன்'. 1988-ல் வந்த பாட்டு. பிற்பகுதியில் இயந்திரத் துப்பாக்கிபோல இரட்டை பெடல் டிரம் வரும். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எண்ணும்படி விழுகிறதா, ஒட்டிக்கொண்டு இரைகிறதா என்று பாருங்கள். பேஸ் கிட்டாரைத் தேடாதீர்கள். அந்த ஆல்பத்தில் பேஸ் கிட்டார் ஏறக்குறையக் கேட்காது என்பது உலகப் பிரசித்தம். குற்றம் ஹெட்போனுடையது அல்ல!

மெட்டல் பரிச்சயமில்லாத அப்பா கூட வருகிறாரா? கவலையில்லை. ஒரு நல்ல நாதஸ்வரக் கச்சேரியின் தனி தவிலைப் போடச் சொல்லுங்கள். விரலில் கூடு மாட்டி அடிக்கும் வலந்தலையின் 'கணீர்' ஒரு பக்கம், குச்சி விழும் தொப்பியின் கனத்த ஒலி மறுபக்கம். வேகம் கூடும்போதும் இரண்டும் பிரிந்து கேட்டால், அந்த ஹெட்போன் மெட்டலிலும் பாஸ்தான்.

கடைசியாக, பத்து நிமிடம் தலையிலேயே வைத்திருங்கள். கனம், இறுக்கம், சூடு எல்லாம் அப்போதுதான் தெரியும். ஐ.இ.எம் என்றால் உடன் வரும் மூன்று அளவு ரப்பர் முனைகளையும் மாற்றிப் பாருங்கள். பேஸே இல்லை என்று திருப்பிக் கொடுக்கப்படும் இயர்போன்களில் பலவற்றுக்குக் காரணம், முனை காதோடு சரியாகப் பொருந்தாததுதான்.

ஏற்கெனவே வாங்கியது சரியில்லையா? எறிவதற்கு முன் ஈக்வலைசரைத் தொட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. ஒலி மங்கலாக இருந்தால் மற்றதை ஏற்றாதீர்கள். 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை உள்ளதைக் கொஞ்சம் இறக்குங்கள். பாட்டு, காலடி இரண்டும் தெளியும்.

கணக்கில் வராத செலவு

இனி, காதுக்கு வருவோம். 12 முதல் 35 வயது வரையிலான 100 கோடிக்கும் மேற்பட்ட இளையவர்கள், பாதுகாப்பற்ற முறையில் கேட்பதால் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது தரும் கணக்கு: 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம் மட்டுமே. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு கூடுகிறது. அதனால் நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது.

இதை ஒரு மாணவரின் நாளோடு பொருத்திப் பாருங்கள். கேம் 3 மணி நேரம், பாட்டு 2 மணி நேரம். வாரத்துக்கு 35 மணி நேரம். 80 டெசிபலில் கேட்டால் எல்லைக்குள் அடங்கும். 90 டெசிபலில் கேட்டால், ஒரு வாரத்துக்கான பங்கு முதல் நாளே தீர்ந்துவிடும். மீதி ஆறு நாளும் கடன். அந்தக் கடனைக் காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய மயிரிழைச் செல்கள் கட்டுகின்றன. அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகே தொடங்கும். பேச்சு கேட்கும், வார்த்தை புரியாது. வீட்டில் 'என்னம்மா சொன்ன?' என்று அடிக்கடி கேட்கும் பிள்ளை, அலட்சியத்தில்தான் கேட்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

நல்ல ஹெட்போன் இங்கேயும் உதவும். வெளிச்சத்தம் உள்ளே வராவிட்டால் வால்யூமை ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. பஸ் இரைச்சலை அமுக்குவதற்காகத்தான் பலரும் வால்யூமை உச்சத்தில் வைக்கிறார்கள். தெளிவாகக் கேட்கிற ஹெட்போனில் காலடியைப் பிடிக்கவும் அலற வைக்க வேண்டாம்.

போன் செட்டிங்கில் வால்யூம் வரம்பு வையுங்கள். பாதியிலிருந்து 60 சதவிகிதம் வரை போதும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிவைத்துக் காதுக்கு ஓய்வு கொடுங்கள். கழற்றிய பிறகு காதில் 'ஙொய்' என்று கேட்டால் அது எச்சரிக்கை மணி. மறுநாளும் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சாலையையும் தண்டவாளத்தையும் கடக்கும்போது மாட்டவே வேண்டாம். அங்கே வருகிற சத்தத்துக்கு வால்யூம் பட்டன் கிடையாது.

"சரிப்பா, இந்தத் தடவை வயர் வெச்சதே வாங்குறேன். ரெண்டாயிரத்துக்குள்ள முடிச்சுக்கலாம்."

"வாங்கு. ஆனா ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டா முதல் தடவையே உனக்குக் கேக்கணும்!"

அப்பா வைத்த அந்த நிபந்தனையைவிட நல்ல வால்யூம் மீட்டர் எந்தக் கடையிலும் கிடைக்காது.